தொழில்நுட்ப எம்.பி.ஏ.: யாரைச் சேர்ப்பது, எதற்குப் பட்டம் கொடுப்பது

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் மேலாண்மைத் துறைகளில் பேச்செல்லாம் கட்-ஆஃப் பற்றித்தான். எத்தனை இடம் நிரம்பியது, டான்செட் நுழைவுத் தேர்வில் எந்த மதிப்பெண் வரை இறங்க வேண்டியிருந்தது, பொறியியல் முடித்தவர்கள் எத்தனை பேர், பி.காம். எத்தனை பேர் என்று கணக்கு ஓடும். இரண்டு ஆண்டு கழித்து அதே மாணவர்கள் பட்டம் வாங்கும்போது, எதைச் செய்து காட்டியதற்காக இந்தப் பட்டம் என்று இதே அக்கறையோடு யாரும் விசாரிப்பதில்லை. வணிகப் பகுப்பாய்வு, ஃபின்டெக், தொழில்நுட்ப மேலாண்மை என்று எம்.பி.ஏ. பிரிவுகள் பெருகிவரும் நேரம் இது. சேர்க்கைத் தகுதியையும் பட்டத் தகுதியையும் ஒன்றாக வைத்துப் பேசாவிட்டால் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறும். உள்ளே பழைய எம்.பி.ஏ.வே நடக்கும்.

சேர்க்கையின் அடிப்படை விதி நமக்குத் தெரிந்ததுதான். அங்கீகரிக்கப்பட்ட ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம், 50 விழுக்காடு மதிப்பெண், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. அதற்கு மேல் ஒரு நுழைவுத் தேர்வு. பொது எம்.பி.ஏ.வுக்கு இந்த விதி சரியானது என்றே நான் நம்புகிறேன். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகக் கலைக் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைக்கும் இது கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதை இறுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்த இதழ் எதிர்க்கும்.

தொழில்நுட்பம் சார்ந்த பிரிவுகளில் நடப்பது வேறு. அங்கே பல நிறுவனங்கள் 'பி.இ., பி.டெக். மட்டும்' என்றோ 'பொறியியல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை' என்றோ ஒரு வரியைச் சேர்த்துவிடுகின்றன. இந்த வழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1963-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உதவியோடு மும்பையில் தொடங்கப்பட்ட நிட்டி, தொழிற்சாலைத் தளத்தை மனத்தில் வைத்துப் பாடம் வகுத்த நிறுவனம். (2023-இல் அது ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது.) இயந்திரமும் உற்பத்தி வரிசையும் தெரியாதவருக்கு அங்கே பாடம் புரியாது. ஆகவே பொறியாளர்களைக் கேட்டதில் பொருள் இருந்தது. இன்றைய வணிகப் பகுப்பாய்வு எம்.பி.ஏ. வெப்ப இயக்கவியலைக் கேட்கவில்லை. நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், ஏதாவது ஒரு நிரல்மொழியில் நாலு வரி எழுதும் பழக்கம், இவற்றைத்தான் கேட்கிறது. முதலாண்டில் ஒரே ஒரு நிரலாக்கத் தாளை அரியர் போட்டுத் தேறிய கட்டடப் பொறியாளர் உள்ளே வருகிறார். அரசு கலைக் கல்லூரியில் மூன்று ஆண்டும் பரவல்களையும் மதிப்பிடலையும் படித்த பி.எஸ்ஸி. புள்ளியியல் மாணவி வெளியே நிற்கிறாள். இது அவளுக்கு அநீதி. நம் வகுப்பறைக்கும் நட்டம்.

நாட்டின் ஆகச் சிறந்த முயற்சிகளிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஐ.ஐ.எம். கல்கத்தா, இந்தியப் புள்ளியியல் நிறுவனம், ஐ.ஐ.டி. கரக்பூர் மூன்றும் சேர்ந்து 2015-இல் தொடங்கிய பி.ஜி.டி.பி.ஏ. (வணிகப் பகுப்பாய்வு முதுநிலைப் பட்டயம்) படிப்பை எடுத்துக்கொள்வோம். ஒரே படிப்பை மூன்று வளாகங்கள் பகிர்ந்துகொள்வதும், கடைசி ஆறு மாதத்தை முழுக்க நிறுவனத்தில் கழிக்க வைப்பதும் இந்தியாவில் அரிதான துணிச்சல். தனக்கென்று நுழைவுத் தேர்வும் வைத்துக்கொண்டது. ஆனால் தகுதிப் பட்டியலில் பி.இ., பி.டெக்., எம்.எஸ்ஸி., எம்.காம். என்று பட்டங்களின் பெயர்கள்தான் வந்தன. மூன்றாண்டு பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவர் இரண்டு ஆண்டு காத்திருந்து முதுநிலையும் முடித்துவிட்டு வர வேண்டும். தேர்வே கணிதத் திறனை அளக்கிறது என்றால், அளப்பதற்கு முன்பே அவரை ஏன் நிறுத்த வேண்டும்?

மாற்று வழி கடினமானதில்லை. பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் படித்த பாடத்தைக் கேட்கலாம். நிகழ்தகவும் புள்ளியியலும் ஒரு தாள், கணிதம் ஒரு தாள், நிரலாக்கம் ஒரு தாள். கல்லூரியில் படித்திருந்தாலும் சரி, என்.பி.டி.இ.எல். போன்ற இணையப் படிப்பில் தேர்வெழுதித் தேறியிருந்தாலும் சரி. இல்லாதவர்களுக்கு வகுப்பு தொடங்குமுன் நாலு வாரம் இணைப்பு வகுப்பு, முடிவில் ஒரு தேர்வு. தேர்வுகளை நடத்துகிறவர்களே இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் கட்டுரைப் பகுதி போய்விட்டது, வடிவியல் போய்விட்டது, வாக்கியப் பிழை திருத்தும் கேள்விகளும் போய்விட்டன. 45 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளில் ஒன்று முழுவதும் அட்டவணை, வரைபடம், தரவின் போதுமை ஆகியவற்றைப் படித்து முடிவெடுக்கும் திறனுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பட்டத்தோடு வந்தாய் என்று அந்தப் பகுதி கேட்பதில்லை.

சேர்க்கை பற்றி இவ்வளவு போதும். எனக்கு உண்மையான கவலை பட்டத் தகுதி பற்றித்தான்.

தொழில்நுட்பத்தையும் வணிகத்தையும் ஒரே பட்டத்தில் இணைக்கும் யோசனை புதிதல்ல. 1949-இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் தொழில் நிர்வாகத்துக்கான முதுநிலைப் பள்ளி தொடங்கியபோது, பின்னாளில் பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் அங்கே போய்ச் சேர்ந்தார். அறிவியல், பொறியியல் படித்தவர்களை மனத்தில் வைத்து உருவான அந்தப் பள்ளி எம்.பி.ஏ. என்று பெயரிடாமல் தொழில் நிர்வாகத்தில் அறிவியல் முதுநிலை என்றே பட்டம் கொடுத்தது. பத்தாண்டு கழித்து, 1959-இல், ஃபோர்டு அறக்கட்டளைக்காக கார்டனும் ஹோவெலும் எழுதிய அறிக்கை அமெரிக்க வணிகப் பள்ளிகளின் மெலிந்த பாடத்திட்டத்தைக் கடுமையாகச் சாடியது. கணிதமும் புள்ளியியலும் சமூக அறிவியலும் பாடத்திட்டத்துக்குள் அழுத்தமாக வந்தது அதன் பிறகுதான். கார்னகியில் மாணவர்கள் கணினி வழியே ஒரு போலி நிறுவனத்தை நடத்திப் பார்க்கும் மேலாண்மை விளையாட்டு ஐம்பதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டது. கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போதே மாணவர்கள் முடிவெடுத்து அதன் விளைவைப் பார்த்தாக வேண்டும் என்று அவர்கள் வைத்திருந்தார்கள்.

நான் பாடத்திட்டக் குழுக்களுக்கு எப்போதும் பரிந்துரைப்பது எம்.ஐ.டி.யின் எல்.ஜி.ஓ. (லீடர்ஸ் ஃபார் குளோபல் ஆபரேஷன்ஸ்) படிப்பை. ஜப்பானியத் தொழிற்சாலைகளிடம் அமெரிக்க உற்பத்தித் துறை தோற்றுக்கொண்டிருந்த 1988-இல் வேறு பெயரில் தொடங்கி, 2009-இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியின் எம்.பி.ஏ. ஒன்று, பொறியியல் துறை ஒன்றின் முதுநிலைப் பட்டம் ஒன்று, இரண்டும் சேர்ந்து 24 மாதம். நடுவில் ஆறு மாதம் அமேசான், போயிங் போன்ற பங்காளி நிறுவனம் ஒன்றில் முழுநேர வேலை. அந்த வேலையிலிருந்து ஓர் ஆய்வேடு. அதற்கு மேலாண்மைப் பேராசிரியர் ஒருவரும் பொறியியல் பேராசிரியர் ஒருவரும் வழிகாட்டிகள். இரு பட்டத்துக்கும் அந்த ஒரே ஆய்வேடுதான். எழுதியது நூலக இணையத் தொகுப்பில் எல்லோரும் படிக்கும்படி கிடைக்கிறது. நம் ஆசிரியர்கள் அவற்றில் இரண்டையாவது தரவிறக்கிப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அமேசானின் கிடங்கு வலையமைப்பைத் தொழிற்சாலைக் கண்ணோடு பார்த்து மாற்றியமைத்த ஜெஃப் வில்கி இந்தப் படிப்பில் உருவானவர்.

நம்மிடம் என்ன இருக்கிறது? பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரப் புராஜெக்ட். 'வாடிக்கையாளர் திருப்தி குறித்த ஓர் ஆய்வு', 'பணியாளர் மனநிறைவு குறித்த ஓர் ஆய்வு'. நூறு சொச்சம் பேரிடம் வினாத்தாள், விழுக்காட்டு அட்டவணை, ஒரு கை-வர்க்கச் சோதனை, ஐந்தாம் அத்தியாயத்தில் பரிந்துரைகள். ஊர் மாறும், நிறுவனத்தின் பெயர் மாறும்; அத்தியாயங்கள் மாறுவதில்லை. முழு அறிக்கையையும் எழுதிக் கட்டித் தரும் கடைகள் கல்லூரிகளின் அருகிலேயே இருப்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வழிகாட்டிக்கு ஏராளமான மாணவர்கள், இறுதி வைவாவுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம், தரவைத் தரத் தயங்கும் நிறுவனம். இந்த ஏற்பாட்டில் வேறு மாதிரி அறிக்கை வந்தால்தான் ஆச்சரியம். ஆனால் தரவு அறிவியல் என்று பெயர் வைத்த ஒரு பட்டத்துக்கும் இதே அறிக்கையை வாங்கிக்கொள்வது மாணவருக்கு நாம் செய்யும் துரோகம். அந்தப் பட்டத்துக்கு அவர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கிறார்.

வெளிநாட்டுப் பட்டம் தேடிப் போகும் நம் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் சைமன் பள்ளி தன் முழுநேர எம்.பி.ஏ.வுக்கு 'ஸ்டெம்' (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) தகுதி பெற வழிசெய்த பிறகு அமெரிக்கப் பள்ளிகள் பல அதே வழியில் போயின. அந்த வகைப்பாடு கிடைத்தால் படிப்புக்குப் பிந்தைய 12 மாதப் பணி அனுமதியோடு இன்னும் 24 மாதம் கேட்கலாம். மாணவருக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் சில இடங்களில் வகைப்பாடு வருவதற்கு முன்னும் பின்னும் பாடத்திட்டம் பெரிதாக மாறவில்லை. ஆலோசனை சொல்கிறவர்கள் கட்டாயப் பாடங்களின் பட்டியலை மாணவரோடு உட்கார்ந்து வரிக்கு வரி படித்துவிட்டு, பிறகு விசாவைப் பற்றிப் பேச வேண்டும்.

இங்கே செய்யக்கூடியதற்கு வருகிறேன். போயிங் போன்ற பங்காளி இல்லையே என்று நாம் தயங்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் பம்ப் செய்கிறவர்களிடம் பழுதாகித் திரும்பி வந்த மோட்டார்களின் பதிவேடு இருக்கிறது. எந்த மாதம், எந்த மாவட்டம், எந்தப் பாகம் என்று ஒரு மாணவர் ஆறு மாதம் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினால், உத்தரவாதச் செலவு எங்கே போகிறது என்று அந்த முதலாளிக்கு முதல் முறையாகத் தெரியும். திருப்பூரில் நூல் கொள்முதலை ஆர்டர் வருமுன்பே கணிக்க வேண்டிய நெருக்கடி ஒவ்வொரு பின்னலாடை நிறுவனத்துக்கும் உண்டு. இவை அசல் தொழில்நுட்ப மேலாண்மைச் சிக்கல்கள். விடை முன்கூட்டித் தெரியாதவை.

அப்படியொரு வேலைக்குப் பட்டம் கொடுப்பதென்றால் மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். கட்டிய அறிக்கைக்குப் பதிலாக, ஓடும் நிரல், சுத்தம் செய்த தரவு, தலையீட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீடு ஆகியவற்றைக் கேட்கலாம். நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரும் புள்ளியியல் தெரிந்த ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து ஒரு மணி நேரம் வைவா நடத்தலாம். முயற்சி தோற்றுப்போயிருந்தால் ஏன் தோற்றது என்று மாணவர் விளக்கினாலே தேர்ச்சி கொடுக்கலாம். தோல்வியை மறைத்த வெற்றி அறிக்கைக்குத்தான் கொடுக்கக் கூடாது.

தடை எங்கே என்பதும் தெரிந்ததே. ஆறு மாதம் வெளியே அனுப்பினால் நாலாம் பருவத்துத் தாள்களை என்ன செய்வது என்று முதலில் கேட்பார்கள். விருப்பப் பாடங்களில் இரண்டை மூன்றாம் பருவத்துக்குள் கொண்டுவர வேண்டும், இரண்டை விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்பதில் சண்டை வரும், வரட்டும். அதைவிடப் பெரிய தடை ஆசிரியரின் நேரம். வழிகாட்டும் மணிகள் இன்று பல கல்லூரிகளில் பணிப்பளுக் கணக்கில் முறையாக வருவதில்லை. ஆறு மாணவருக்கு வழிகாட்டுவதை ஒரு முழுத் தாள் நடத்துவதற்குச் சமமாகக் கணக்கிட்டால் ஒழிய, எந்த ஆசிரியரும் திருப்பூருக்குப் பேருந்து ஏறமாட்டார். ஏறும்படி கேட்கும் உரிமையும் நமக்கில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் இதைத் தங்கள் பாடத்திட்டக் குழுவிலேயே அடுத்த கல்வியாண்டுக்கு முடிவு செய்துகொள்ளலாம். இணைப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழக விதிமுறை மாறும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் வைவா தேர்வாளர்களின் பட்டியலில் தொழில்துறையிலிருந்து ஒருவரைச் சேர்க்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுத அவர்கள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.