உவரியில் கேட்ட கடகடப்பு

சென்ற மாதம் குடும்ப சமேதராய்த் தூத்துக்குடியிலிருந்து உவரிக்குச் சென்றிருந்தோம். சுயம்புலிங்க சுவாமியைத் தரிசித்துவிட்டு வந்து எங்கள் எஸ்.யு.வி.யைக் கிளப்பினால், 'கடகட'வென்று ஒரு சத்தம்! "எஞ்சினையே இறக்க வேண்டியதுதான்" என்று மைத்துனர் தீர்ப்புக் கூறிவிட்டார். பையனின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த பணத்தை நினைத்து என் மனைவியின் முகம் வாடிற்று.

மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். எஞ்சினை நிறுத்திச் சற்றுப் பொறுத்து ஆயில் அளவைப் பார்த்தார், குறைவில்லை. மறுபடி கிளப்பிக் காது கொடுத்தார். சும்மா ஓடும்போது சத்தம் கேட்டது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மறைந்தது. சூடு தணிந்ததும் கீழே புகுந்து, சைலன்ஸர் குழாயின் வெப்பத் தடுப்புத் தகட்டைத் தட்டினார். அதே கடகடப்பு! ஐந்து வருஷத்து உப்புக் காற்றில் துருவேறி, போல்ட் அற்றுப் போயிருந்தது. துருப்பிடிக்காத கிளாம்ப் ஒன்றைச் சுற்றி முடுக்கினார், சத்தம் ஓய்ந்தது.

ஆனால், நேயர்களே, எல்லாச் சத்தமும் இப்படி எளிதில் அடங்கிவிடாது. காலையில் கிளப்பியதும் சில விநாடி கடகடத்து அடங்கினால், டைமிங் செயினைச் சோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் வேகத்தோடு 'டொக் டொக்'கென்று ஓசையும் வளர்ந்து, ஆயில் விளக்கும் எரிந்தால், அக்கணமே நிறுத்துங்கள். ஒரு மைல்கூட ஓட்டலாகாது. கடற்கரைவாசிகள் வண்டியின் அடிப்பாகத்தை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுவது நலம்.

எஞ்சினை இறக்குமுன், காதைக் கொடுங்கள்!