ஆலைக் கூரையும் ஏரி நீரும்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதி, ஏரிகள் மிகுந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. மகிழுந்தும் சரக்குந்தும் உருவாகும் ஆலைகளின் கூரைகள் அங்கே ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கின்றன. அக்கூரைகளில் விழும் மழைநீர் எங்கே செல்கிறது?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். ஒரு ஹெக்டேர், அஃதாவது 10,000 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர். சிதறுவது போக 4 லட்சமாவது குழாய்வழி இறங்கும். வடகிழக்குப் பருவத்தில் இத்தகைய மழை ஓரிரவிலேயே பெய்துவிடுவதுண்டு.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. வீடுகளுக்கு உறிஞ்சுகுழி போதும், பேராலைக்குப் போதாது. சென்னைக் கடற்கரையின் மணல் நீரை விரைந்து உள்வாங்கும். திருப்பெரும்புதூர் வட்டாரத்திலோ களிமண்ணும் களிப்பாறையும் மிகுதி. நிலவியலார் அப்பாறை அடுக்குக்கு இவ்வூரின் பெயரையே இட்டுள்ளனர். களிமண் நீரை மெல்லத்தான் விழுங்கும். குழி நிரம்பியபின் எஞ்சிய நீர் சாலையில் வெள்ளமாகும்.

ஆகவே, இப்பகுதி ஆலைகள் கூரைநீரைத் தொட்டியில் தேக்கிப் பயன்படுத்துவதே முறை. முதல் மழை அடித்து வரும் தூசியையும் பறவை எச்சத்தையும் தனியே வெளியேற்றிவிட்டு, பின்வரும் நீரை வடிகட்டினால் கழிப்பறைக்கும் தோட்டத்திற்கும் அது உகந்தது. உப்புக் குறைந்த நீராதலால், எந்திரங்களின் வெப்பம் தணிக்கும் குளிர்விப்புக் கோபுரங்களில் படிவும் குறையும்.

மூன்று மாத மழையை ஆண்டு முழுவதும் காக்கும் தொட்டியை எவர் கட்டுவார் என்று சிலர் வினவலாம். அவ்வளவு பெரிய தொட்டி வேண்டியதில்லை. அன்றாடம் எடுத்துப் பயன்படுத்தினால், ஒரே தொட்டி ஒரு பருவத்தில் பலமுறை நிரம்பும். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட தொட்டி 4 லட்சம் லிட்டரைத் தாங்கும். அது கூரைப் பரப்பில் நூற்றில் இரண்டு பங்கு இடமே. மிஞ்சும் நீரை வரத்துக்கால் வழியே ஏரிக்கு விடவேண்டும். வரத்துக்காலை மறித்து எழுப்பிய மதில் எவருடையதாயினும் இடிக்கத்தக்கதே.

2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. அதே ஆண்டில், சென்னையின் கழிவுநீரை நாள்தோறும் 4.5 கோடி லிட்டர் தூய்மையாக்கி இத்தொழிற்பகுதிக்குக் குழாயில் அனுப்பும் நிலையம் கோயம்பேட்டில் செயற்படத் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், தொலைவிலிருந்து நீரைத் தருவிக்கும் ஆலை தன் கூரைநீரைத் தெருவில் விடுவது முறையாகாது. கட்டட அனுமதி வழங்குவோர், ஒவ்வொரு ஹெக்டேர் கூரைக்கும் எத்தனை லிட்டர் தொட்டி என்று முதலில் கேட்க வேண்டும்.