மருந்து தோற்பது எங்கே?

சென்ற மார்கழியில் ஓசூரிலிருந்து பெங்களூர் வரும் பேருந்தில் ஒரு தந்தையைக் கண்டேன். மடியில் ஏழு வயது மகன், தலையில் மயிரில்லை. தருமபுரிப் பக்கத்துக்காரர். பிழைப்புத் தேடி அதே மண்ணிலிருந்து இந்நகருக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். பேச்சு ஒட்டிக்கொண்டது.

"ரத்தத்துல சீக்கு இல்லேன்னாங்க தம்பி. மாத்திரைய நிறுத்திட்டோம். ஆறு மாசத்துல திரும்பிடுச்சு. இப்ப மருந்து கேக்க மாட்டேங்குதாம்" என்றார்.

நண்பர்களே! மருந்து ஏன் கேட்கவில்லை? உயிர்வேதியியல் பயிலும் எனக்கு ஏட்டிலே விடையுண்டு. மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்தைத் தன்னுள் புகவிடாமல் கதவடைக்கும் புற்றணு உண்டு. அம்மருந்து முடக்க வரும் நொதியை மிகுதியாகச் சுரந்து தப்பும் அணுவும் உண்டு. மெர்காப்டோப்யூரின் தரும் நஞ்சைச் சிதைத்துத் தள்ளும்படி மரபணு திரிந்த அணுவும் உண்டு. மருந்து எளிதில் எட்டாத மூளைப் பகுதியிலே பதுங்குவனவும் உண்டு. தொடக்கத்தில் இவை சிலவாகவே இருக்கலாம். மற்றவை மடிய, களைக்கொல்லிக்கு மாயாத களைபோல் இவை மட்டும் தழைத்துவிடும்.

இது புதிய செய்தியன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் ஆக்கிய அமினாப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948இல் முடிவை வெளியிட்டார். நோய் தணிந்தது, சில திங்களில் திரும்பியது. ஒரு மருந்து போதாதென்று உலகம் கற்ற பாடம் அது. பல மருந்துகளைச் சேர்த்து, ஈராண்டுக்கு மேல் விடாது கொடுப்பதாலேயே இன்று செல்வ நாடுகளில் இந்நோயுற்ற 100 குழந்தைகளில் ஏறத்தாழ 90 பேர் பிழைக்கின்றனர்.

ஈராண்டு எதற்கு? நோய் கண்டறியப்படும் நாளில் உடலில் ஏறத்தாழ இலட்சம் கோடிப் புற்றணுக்கள் இருக்கும். முதல் மாத மருத்துவத்துக்குப்பின் நுண்ணோக்கியில் நோய் தென்படாத நிலையிலும் ஆயிரம் கோடி வரை ஒளிந்திருக்கக்கூடும். "இல்லை" என்று மருத்துவர் சொன்னது "தென்படவில்லை" என்ற பொருளில். "போய்விட்டது" என்று தந்தை கொண்டார். அந்த இடைவெளியிலே நோய் மீண்டும் தலையெடுத்தது.

மாத்திரையை நிறுத்தாதிருந்தால் நோய் திரும்பியே இராது என்று நான் அறுதியிட்டுக் கூறேன். அணுவின் வன்மையும் காரணமாய் இருந்திருக்கலாம். ஆனால் 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, மெர்காப்டோப்யூரினை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குக் குறைவாக உண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் இடர் மிகுதி எனக் காட்டிற்று. அணுவின் எதிர்ப்பை ஆய்வுக்கூடம் வெல்லட்டும். அறியாமையால் விளையும் தோல்வியை யார் வெல்வது?

அந்தத் தந்தையைக் குறை கூறுவேனா? கூறேன். அவர் கையிலிருந்த தாள் ஆங்கிலத்தில். வாய்மொழியாகச் சொன்னது கன்னடத்தில். அவருக்குத் தெரிந்ததோ தமிழ் ஒன்றே! கன்னடம் இம்மண்ணின் மொழி. அதன்மீது எனக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் நம்மீதுதான். மூன்று மொழியும் அறிந்த நாம் இத்தனை பேர் இந்நகரில் இருந்தும், அவர் பக்கத்தில் ஒருவர்கூட இல்லையே!

மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வகுத்தார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன். அந்த நான்காம் இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. ஆண்டுதோறும் பொங்கல் விழாவில் அக்குறளை முழங்கிக் கைதட்டல் பெறுகிறோம். அந்த இடத்தில் போய் நின்றோமா?

"மாணவர்க்கு மருத்துவமனையில் என்ன வேலை?" என்பர் சிலர். மருத்துவம் சொல்வது நம் வேலையன்று. மருத்துவர் சொன்னதைப் பிழையின்றித் தமிழில் சொல்வது நம் வேலை. மாத்திரையின் பெயர், வேளை, அளவு, எத்தனை திங்கள், எதைக் கண்டால் உடனே ஓடிவர வேண்டும் — இவற்றை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, மருத்துவரிடமே காட்டித் திருத்திக் கொடுப்போம். மருத்துவமனையின் இசைவோடு, புறநோயாளிகளைப் பார்க்கும் நாள்தோறும் முறைவைத்து இருவர் செல்வோம். மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். முதல் முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ் வாழ்க என்கிறோம். தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளையும் வாழ வேண்டாமா?