கல்யாண நேரலை: யார் வீட்டுக் கடிகாரத்தில் எத்தனை மணி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "வீட்டு விசேஷத்தை வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு நேரலையில் காட்டலாமா?" என்பதுதான். தாராளமாகக் காட்டலாம். கேமராவும் ஸ்பீடும் இரண்டாம்பட்சம். நான் சொதப்பியது ஒரே ஒரு மெசேஜில்.

2022 நவம்பர் 10-ல் என் தங்கைக்குக் கல்யாணம். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. "காலை 9 மணிக்கு முகூர்த்தம். உங்களுக்கு முந்தின நாள் இரவு 11.30" என்று அக்டோபரிலேயே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அக்டோபரில் அந்தக் கணக்கு சரி. ஒன்பதரை மணி நேர வித்தியாசம். ஆனால் அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அந்த ஆண்டு அது 6-ம் தேதி. அதன்பின் வித்தியாசம் பத்தரை மணி நேரம்.

சாப்ட்வேர் தம்பி சொன்ன நேரமாயிற்றே என்று அண்ணன் சரிபார்க்கவில்லை. 11.20-க்கு அவர் லேப்டாப்பைத் திறந்தபோது இங்கே மணி 9.50. தாலி கட்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது. போன் செய்திருக்கிறார், மேளச் சத்தத்தில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

மெசேஜில் நீல டிக் வந்திருந்தது. பார்த்தார் என்பதற்குத்தான் அது அடையாளம், நேரம் சரி என்பதற்கல்ல. விசேஷ ஏற்பாட்டுக்கு வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கட்சி. 'குட்மார்னிங்' படங்களுக்கு நடுவே மண்டப முகவரியைத் தேடியவர்களுக்கு இது புரியும்.

கூகுள் காலண்டரில் இந்திய நேரப்படி நிகழ்ச்சியைப் பதிந்து, உறவினர்களின் இமெயில் முகவரியைச் சேர்த்து அனுப்புங்கள். அவரவர் ஊர் நேரத்துக்கு அதுவே மாற்றிக் காட்டும். கடிகார மாற்றமும் அதில் அடக்கம். தேதியை 10/11 என்று எழுதாதீர்கள், அமெரிக்காவில் அது அக்டோபர் 11. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். யூடியூபில் முதல் தடவை நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் அதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மண்டபத்தில் போன் எடுப்பதற்கென்றே ஒரு ஆளை நியமித்து, அவர் நம்பரையும் அழைப்பிலேயே போடுங்கள். 'ஓகே' என்ற பதிலை ஏற்காதீர்கள். அவர்கள் ஊரில் என்ன கிழமை, எத்தனை மணி என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

கடந்த ஜனவரியில் தங்கை மகனுக்குக் காதுகுத்து, ஞாயிறு காலை 7 மணிக்கு. அண்ணனிடமிருந்து அன்றே பதில் வந்தது: "எனக்குச் சனி இரவு 8.30. சரிதானே? இந்தத் தடவை நானும் பார்த்துவிட்டேன்."