வீட்டுக் கடனுக்கு முன் புது வங்கிக் கணக்கு: சிபில் ஸ்கோர் குறையுமா?

மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பக்கம் ஒரு பழைய ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த நண்பன், மறுநாளே பதறிப்போய் போன் செய்தான். "போன மாசம்தான் லஸ்ல ஒரு பேங்க்ல புது அக்கவுன்ட் ஆரம்பிச்சேன். சிபில் குறைஞ்சிடுமாடா? ஹோம் லோன் கிடைக்காதா?"

சேமிப்புக் கணக்கு தொடங்கியதால் மட்டும் ஸ்கோர் குறையாது. 300 முதல் 900 வரை தரப்படும் சிபில் ஸ்கோர், நாம் வாங்கிய கடனையும் அதைக் கட்டிய விதத்தையும் வைத்துப் போடப்படுவது. சேமிப்புக் கணக்கும் அதில் இருக்கும் பணமும் அந்தக் கணக்கில் வராது.

அப்போ பிரச்சினையே இல்லையா? இருக்கு. கணக்கோடு சேர்த்து வேறு எதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டோம் என்பதில்தான் இருக்கு. நண்பனிடம் துருவிக் கேட்டதில், 'ஆயுசுக்கும் இலவசம்' என்று ஒரு கிரெடிட் கார்டும் கொடுத்திருக்கிறார்கள். கார்டு, ஓவர்டிராஃப்ட் இரண்டுமே கடன்தான். விண்ணப்பித்ததும் வங்கி நம் கடன் அறிக்கையைக் கேட்டு வாங்கும், அதுவும் பதிவாகும். ஒன்றிரண்டு என்றால் லேசான சரிவு. அடுத்தடுத்து பதிவானால், 'இவருக்குப் பண நெருக்கடி' என்று கடன் கொடுப்பவர் நினைக்க இடமுண்டு.

அதன் விலை சின்னது இல்லை. 50 லட்சம் ரூபாய், 20 வருடக் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 8.5 சதவீதத்துக்குப் பதில் 9 சதவீதம் ஆனால், மாதத் தவணை சுமார் 1,600 ரூபாய் கூடும். மொத்தத்தில் 3.8 லட்சம்! ஓர் இலவச கார்டுக்கு இவ்வளவு ரிஸ்க் தேவையா?

இதை வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. சேமிப்புக் கணக்கு ஒரு படிவம், கடன் வசதி தனிப் படிவம் என்று வங்கிகள் பிரித்துக் கொடுக்க வேண்டும். 'இதற்காக உங்கள் கடன் அறிக்கையைப் பார்ப்போம்' என்று தமிழில், கண்ணில் படும்படி அச்சிட வேண்டும்.

அதுவரை நாம்தான் உஷாராக இருக்கணும். வீடு வாங்கும் யோசனை வந்ததுமே புதுக் கார்டு, தவணைக்குப் போன் எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு இல்லை, கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.