மழையும் பிரேக்கும்

ஐப்பசி மழையில் சைக்கிள் விடுகிறவர்களுக்கு வேகத்தைவிடப் பிரேக்கே பிரதானம். சென்ற வாரம் நம் மாணவன் ஒருவன், திருப்பத்தில் எதிரே வந்த லாரியைக் கண்டு பிரேக்கை இறுக்கினான், சைக்கிளோ நிற்கவில்லை. வாய்க்காலில் விழுந்து பிழைத்தான்!

காரணம் எளிது. நனைந்த ரிம்மைப் பற்றும் பிரேக் கட்டை, முதற் சில சுற்றுக்களில் தண்ணீரைத் துடைக்குமேயன்றி வண்டியை நிறுத்தாது. எஃகு ரிம்மானால் தாமதம் இன்னும் அதிகம். ஆகையால், நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். திருப்பத்துக்கு முன்பே வேகம் தணிய வேண்டும். வெள்ளைக் கோட்டின்மீதும் இரும்பு மூடியின்மீதும் சாய்ந்து திரும்பலாகாது.

வீடு சேர்ந்ததும் பிரேக் கட்டையில் பதிந்த மணலை நீக்கி, செயினைத் துடைத்து எண்ணெய் இடுக.

நனைந்து வந்த பிள்ளையின் தலையைத் துவட்டும் தாய்மார்கள், சைக்கிளையும் துவட்டச் சொல்லுமாறு வேண்டுகிறோம்.