பிடுங்கிடுங்க மேடம்!

ஏழு வயசுப் பையனுக்குக் கீழ்க் கடைவாயில் சொத்தை. ராத்திரியெல்லாம் அழுகை.

முதலில் போன இடத்தில் ஏ.ஸி., மீன் தொட்டி எல்லாம் உண்டு. டாக்டர் பையனை அரை நிமிஷம் பார்த்தார். என்னைப் பத்து நிமிஷம். எனக்கு நாலு ரூட் கெனால் வேணுமாம். எனக்குப் பல்லே வலிக்கலை சார்! எக்ஸ்ரே கூட எடுக்கலை. நழுவி விட்டேன்.

அடுத்தது, பக்கத்துத் தெரு மாடியில் ஒரு லேடி டாக்டர். பி.டி.எஸ். சர்ட்டிபிகேட்டும் டென்டல் கவுன்சில் பதிவு எண்ணும் சுவரில். ஆட்டோகிளேவ் பண்ணின கவரை எங்கள் கண் முன்னாலேயே பிரித்தார். எனக்கோ சிக்கனம்.

"பால் பல்தானே மேடம், பிடுங்கிடுங்க. முளைச்சுக்கும்."

அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். "சார், பால் பல் மொத்தம் 20. இது அந்தக் கணக்கிலேயே வராது. ஆறு வயசு வாக்கில் பின்னாடி புதுசா முளைக்கிற நிரந்தரப் பல். பிடுங்கினா போனதுதான். அடைச்சாப் போதும்."

எனக்கு வியர்த்தது. பி.காம். படித்துவிட்டு, ஆயுசுக்கும் வரவேண்டிய சொத்தை ரைட் ஆஃப் பண்ணப் பார்த்திருக்கிறேன்!

"உங்க பல்லையும் பார்க்கட்டுமா?"

பார்த்தார். ஒரே ஒரு சின்ன அடைப்பு, கொஞ்சம் கிளீனிங். அவ்வளவுதான்.

வரும் வழியில் பையன் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டான்: "அப்பா, உனக்கு யாருப்பா அது பால் பல்லுன்னு சொன்னது?"